அரண்மனை, பேராலயம், ஒரு லோடு வத்தல்

விளம்பரம் எழுதும்போது யாருக்கும் கை கொஞ்சம் நீளத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீண்டுவிட்டது. ‘தென்தமிழகத்தின் அரண்மனைகளும் பேராலயங்களும்: உங்களுக்கு மட்டுமேயான தனிச் சுற்றுலா, அனுபவமிக்க வழிகாட்டிகளுடன்’ என்று இணையத்தில் போட்டிருந்தேன். அரண்மனை என்னிடம் ஒன்றுதான் இருந்தது. பேராலயமும் ஒன்றுதான். (அதுவும் பேராலயம் இல்லை, கொஞ்சம் உயரமான கிராமத்துச் சர்ச்.) அனுபவமிக்க வழிகாட்டிகள் என்பது நான். என் அனுபவமெல்லாம் மதுரையில் ஒரு டிராவல்ஸில் போன் எடுத்ததும், டிக்கெட் போட்டுக் கொடுத்ததும்தான்.

எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு அந்த டிராவல்ஸில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களை எல்லாம் கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் அனுப்பி வைப்பது என் வேலை. ஒருவராவது எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டதில்லை. தூத்துக்குடி ரோட்டில் போகிற சுற்றுலாக் கார்கள் பந்தல்குடியில் நிற்கும். எதற்கு நிற்கும் என்றால், வண்டியில் இருப்பவர்களுக்கு ஒன்றுக்கு வந்தால் நிற்கும். எங்கள் மண்ணுக்கு உலகம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான் என்று ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. வேலையை விட்டுவிட்டு, சொந்தச் சுற்றுலா நிறுவனம் தொடங்கப்போகிறேன் என்று வீட்டில் போய் நின்றேன்.

அப்பா குட்டியானை வண்டி வைத்து லோடு அடிப்பவர். நான் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“இங்க பாக்குறதுக்கு என்ன பாப்பா இருக்கு? வேலிக்கருவையா?” என்றார்.

பந்தல்குடியில் மாமாவுக்கு லாரி டயர்க் கடை. அங்கே பில் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்காலியை எனக்காகவே துடைத்து வைத்திருப்பதாக அம்மாவுக்குத் தகவல் வந்திருந்தது.

“பங்குனி வரைக்கும் பாரு. ஒரு டூராச்சும் உருப்படியா நடந்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லைன்னா மாமா கடையில போயி ஒக்காந்துரணும்” என்றார் அப்பா.

டயர் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். உண்மையாகவே பயமாக இருந்தது. மார்கழி போனது, தை போனது, ஒரு ஈ காக்கை கூட என் விளம்பரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாசியில் ஒரு நாள் பிரான்ஸிலிருந்து பியேர், கிளேர் என்று ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மதுரையில் தங்கியிருக்கிறார்கள், கூட்டமில்லாத அரண்மனைகளும் பேராலயங்களும் பார்க்க ஆசை என்றார்கள். கூட்டமில்லாத இடத்துக்கு எங்கள் ஊரை அடித்துக்கொள்ள முடியுமா?

அரண்மனை இருந்தது நரிக்குடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். ஜமீன் குடும்பத்தார் எல்லோரும் சென்னைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. சாவி சின்னச்சாமி மாமா என்பவரிடம் இருந்தது. (சொந்த மாமா இல்லை. எங்கள் பக்கம் சாவி வைத்திருக்கும் எவரும் மாமாதான்.) அவருக்குப் போன் போட்டேன்.

“மாமா, நாளான்னைக்கு வெளிநாட்டுக்காரவுக ரெண்டு பேரு அரண்மனையப் பாக்க வாராக. கொஞ்சம் பெருக்கி வைங்க.”

“வெளிநாட்டுல இருந்தா? நம்ம அரண்மனைக்கா? நெசமாவா தாயி?”

“நெசமாத்தான் மாமா.”

“நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. ஊர்ல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிர்றேன்.”

அவர் குரல் தழுதழுத்தது. இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் வரலாற்றின் மீது என்ன பற்று என்று நானும் கண் கலங்கினேன்.

நான் போய் இடம் பார்த்து வந்தது புரட்டாசியில். அப்போது தர்பார் கூடம் காலியாக இருந்தது. இரண்டு வௌவால்கள் தொங்கின, அவ்வளவுதான். எங்கள் வறண்ட காட்டில் மிளகாய் வத்தல் களத்துக்கு வருவது மாசியில். காற்றும் மழையும் படாத பெரிய கட்டடம் ஒன்று ஊரில் சும்மா கிடந்தால், மாசியில் அதற்குள் என்ன இருக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எம்.ஏ. படித்த எனக்கு அது தோன்றவில்லை.

சுற்றுலா நாளும் வந்தது. கறுப்புக் கோட் மாட்டிக்கொண்டேன். (எங்கள் ஊர் மாசி வெயிலில் கோட் போட்டவர் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.) கழுத்தில் ‘தலைமை வழிகாட்டி’ என்று அட்டை. வெளிநாட்டில் வழிகாட்டிகள் கூட்டத்துக்கு அடையாளமாகச் சின்னக் கொடி பிடிப்பதை வீடியோவில் பார்த்திருந்ததால், ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டிக் கையில் வைத்திருந்தேன். என் கூட்டம் இரண்டு பேர்.

“லோடு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் பாப்பா செவப்புத் துணி கட்டுவாக” என்றார் அப்பா. நண்பரின் காரை இரவல் வாங்கி அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊர் பேர் தெரியாதவர்களோடு மகளைத் தனியாக அனுப்பக்கூடாது என்பது ஒரு காரணம். டயர்க் கடைக்கு எப்போது சொல்லி அனுப்பலாம் என்று நேரில் பார்த்து முடிவு செய்வது இன்னொரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

பியேர் நல்ல ஆகிருதியான மனிதர். நீளக் கையும் பெரிய உள்ளங்கையும். கிளேர் ஒல்லி, எதைப் பார்த்தாலும் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தார். திருச்சுழி தாண்டியதும் இரண்டு பக்கமும் வேலிக்கருவை. இது என்ன காடு என்று பியேர் ஆங்கிலத்தில் கேட்டார். “மன்னர்கள் வேட்டையாடிய வனம்” என்றேன் நான்.

“என்ன கேக்குறாரு?” என்றார் அப்பா.

“காட்டப் பத்திக் கேக்குறாருப்பா.”

“கரி மூட்டம் போட நல்ல மரம்னு சொல்லு.”

கிராமத்துக்குள் திரும்பினால் அரண்மனை வாசலில் ஊரே நிற்கிறது. ஆண்கள் சலவை வேட்டியில், பெண்கள் நல்ல சேலையில். எல்லோர் கையிலும் ஒரு பெட்டியோ பையோ. எல்லாவற்றிலும் மிளகாய் வத்தல். இறங்கியதும் ஆரத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள். கிளேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“இவர்கள் எல்லோரும் எங்களுக்காகவா வந்திருக்கிறார்கள்? ஏன் மிளகாய்?”

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் தலைமை வழிகாட்டிக்குச் சந்தேகம் வரலாமா?

“விருந்தினருக்கு விளைச்சலைக் காட்டி வரவேற்பது எங்கள் தொன்மையான மரபு” என்றேன். அந்த நொடியில் பிறந்த மரபு அது.

சின்னச்சாமி மாமா தர்பார் கூடத்தின் கதவைத் திறந்தார். எட்டு மணி நேரம் பேச மனப்பாடம் செய்திருந்தேன். “இந்தக் கலைநயம் மிக்க தூண்களைப் பாருங்கள்” என்று கையை நீட்டினேன். தூண்கள் இல்லை. தரையிலிருந்து தூண்களின் தலையில் இருக்கும் யாளிகளின் கழுத்துவரை வத்தல் மூட்டை. நடுவில் மலை மாதிரி சிவப்பாகக் குவியல். யாரோ பாசத்தோடு அந்தக் குவியலை அப்போதுதான் கிளறி விட்டிருந்தார்கள்.

முதல் தும்மல் என்னுடையது. அப்புறம் எத்தனை என்று தெரியாது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், தொண்டையில் நெருப்பு, வாயைத் திறந்தால் இருமல். கிளேரும் தும்மினார். ஆனால் என்னைப் பார்த்ததும் தன் தும்மலை மறந்து என் தோளை அணைத்துக்கொண்டார்.

“அழாதே. இது உன் முன்னோர்கள் வாழ்ந்த இடமா?”

பேச முடியாததால் தலையை ஆட்டினேன். (எங்கள் முன்னோர்கள் இந்த வாசலுக்கு வந்திருந்தால் தீர்வை கட்ட வந்திருப்பார்கள்.) அப்பா வந்து என் கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து, அடிகுழாயில் தலையைக் குனிய வைத்துத் தண்ணீர் அடித்தார். வரலாறு சொல்ல வேண்டிய முக்கியமான நேரத்தில் நான் குழாயடியில் இருந்தேன்.

அந்த நேரத்தில் உள்ளே நடந்ததைப் பிறகு கிளேரின் வீடியோவில் பார்த்தேன். அந்த வத்தலை விளைவித்த ஒரு சம்சாரி பியேரின் கையில் ஒரு குண்டு வத்தலை வைக்கிறார். காதோரம் ஆட்டிப் பார்க்கச் சொல்லிச் சைகை செய்கிறார். பியேர் அதைக் காதில் வைத்து ஆட்டி, உள்ளே விதை கலகலவென்று ஓடும் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார்.

“பாத்தியாலே? தொழில் தெரிஞ்ச ஆளு!” என்று ஒரு குரல்.

அடுத்து வேலுச்சாமி பெரியப்பா முன்னால் வருகிறார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கும் வத்தலுக்கும் அவர்தான் தரகர். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்துத் தன் வலது கைமேல் போட்டு, அந்தக் கையைப் பியேரிடம் நீட்டுகிறார். எங்கள் பக்கத்துத் தரகர்கள் நாலு பேர் முன்னால் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடிப்பார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விலை, விரல் கூடினால் விலையும் கூடும். ஒரு விரலில் ஆரம்பித்து, இழுத்து, உதறி, முறைத்து, மூன்றாவது விரலுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை டீ வந்து போகும்.

பியேர் இதை ஆசீர்வாதம் என்று நினைத்துவிட்டார். துண்டுக்குள் கையை விட்டு, ஐந்து விரலையும் ஒரே பிடியாகப் பிடித்து, இன்னொரு கையையும் மேலே வைத்து அழுத்தி, தலை வணங்கினார்.

வீடியோவில் வேலுச்சாமி பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆயுசுக்கும் அவர் யாரிடமும் கேட்கத் துணியாத விலை அது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு துண்டை உருவி உயரே வீசி, “முடிஞ்சது!” என்று கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் ஈரத் தலையோடு உள்ளே ஓடி வந்தபோது பியேரின் வாயில் கருப்பட்டி மிட்டாய் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தாயி, நீ மகராசியா இருக்கணும். மொத்த வத்தலையும் எடுத்துக்கிட்டாரு” என்றார் சின்னச்சாமி மாமா.

“எதுக்கு மாமா வத்தல்? அரண்மனையப் பாக்கத்தான வந்தாக?”

“அரண்மனைக்கு வாரவுக வேற எதுக்கு வருவாக?”

அப்போதுதான் எனக்கு மொத்தமும் விளங்கியது. அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்காக யாரும் அந்த ஊருக்கு வந்ததே இல்லை. அதற்குள் இருக்கும் வத்தலைப் பார்க்கத்தான் வருவார்கள். பக்கத்து ஊர் வியாபாரி டெம்போவில் வருவான், விருதுநகர் வியாபாரி காரில் வருவார், வெளிநாட்டிலிருந்து வந்தால் பெரிய ஏற்றுமதி வியாபாரியாகத்தானே இருக்க வேண்டும்?

“எம்புட்டுக்கு முடிஞ்சது?” என்றார் அப்பா.

“அஞ்சு வெரலுக்கும்.”

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். “அந்த வெல கெடைக்கும்னா நான் எதுக்கு வண்டி ஓட்டுறேன், வெதச்சுருக்க மாட்டேனா?” என்று முணுமுணுத்தார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு வாய் வரவில்லை. “அடுத்து பேராலயம்!” என்று கொடியை ஆட்டி, தம்பதியைக் காருக்குள் தள்ளி, அப்பாவை எழுப்பிவிட்டேன். ஓட்டம் பிடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊர் எல்லை தாண்டியதும் அப்பா கண்ணாடியைப் பார்த்தார். “பின்னால ஊரே பைக்குல வருது பாப்பா.”

பியேரும் திரும்பிப் பார்த்தார். “எவ்வளவு அன்பான மக்கள்!” என்று சொல்லிக் கையசைத்தார். அவர்களும் கையசைத்தார்கள். பியேர் இரண்டு கையையும் அசைத்தார். இப்படியே பேராலயம்வரை அசைத்துக்கொண்டு போனோம்.

சர்ச் பழையது. சுவர் நல்ல கனம், உள்ளே குளுமை. நான் பயத்தில் வரலாறு முழுவதையும் மறந்துவிட்டேன். கிளேரே தரையில் பதித்திருந்த ஒரு கல்லறைக் கல்லைக் கண்டுபிடித்துக் குனிந்து வாசித்தார். எப்போதோ இங்கே வந்து வெயிலில் கிடந்து இறந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். தன் மொழியை அந்தக் காட்டுக்குள் பார்த்ததும் கிளேர் மண்டியிட்டு ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவினார். என் சுற்றுலாவில் நான் திட்டமிடாமலேயே சரியாக நடந்த முதல் காரியம் அது.

செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு ஊர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள். வேலுச்சாமி பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

“தாயி, லாரி சொல்லணும். அட்வான்ஸு எப்பன்னு கேட்டுச் சொல்லு. சாமிக்கு முன்னாடியே பேசி முடிச்சிருவோம். எந்தச் சாமியா இருந்தா என்ன?”

பக்கத்தில் ராக்கம்மா என்று ஒரு அக்கா, வத்தல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “இந்த வருசம் மண்டியில அடிமாட்டு வெலைக்குக் கேக்குறாக. சித்திரையில மகளுக்குக் காது குத்தணும். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்த தாயி” என்று என் கையைப் பிடித்தார்.

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோட்டைக் கழற்றிப் பெஞ்சின் மீது போட்டேன். கழுத்து அட்டையையும் கழற்றினேன்.

“இவுக வத்தல் வாங்க வரல. அரண்மனையப் பாக்கத்தான் வந்தாக. நாந்தான் ஒழுங்காச் சொல்லல” என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை மிளகாய் காரணம் இல்லை.

ராக்கம்மா அக்கா பெட்டியை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

“அந்தக் கட்டடத்தயா?” என்றார் சின்னச்சாமி மாமா. அவரால் நம்பவே முடியவில்லை.

“அப்ப எதுக்குக் காதுல வச்சு ஆட்டுனாரு?” என்றார் இன்னொருவர்.

பியேரிடம் திரும்பி, துண்டுக்குள் அவர் என்ன செய்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மரபு என்று நான் சொன்னது புளுகு, வேட்டை வனம் புளுகு, முன்னோர் அரண்மனை புளுகு என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். டயர்க் கடை நாற்காலி என் கண் முன்னால் நின்றது.

பியேர் தன் பெரிய உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என் அப்பா மாட்டு வியாபாரி” என்றார். “எங்கள் ஊர்ச் சந்தையில் துண்டு கிடையாது. உள்ளங்கையில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்பார்கள். அடித்துவிட்டால் முடிந்தது; பிறகு பின்வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது. நான் கை கொடுத்துவிட்டேன். லாரி நிறைய வாங்க எனக்கு வழியில்லை. இந்தப் பெரியவரிடம் மறுபடி ஒரு தடவை பேச முடியுமா என்று கேள்.”

நான் தமிழில் சொன்னேன். மாட்டு வியாபாரி மகன் என்றதும் வேலுச்சாமி பெரியப்பா நிமிர்ந்தார். “அப்படிச் சொல்லு, அதான் அந்தப் பிடி பிடிச்சாரு!” என்று இடுப்புத் துண்டை அவிழ்த்தார்.

பாதிரியார் கல்லறைக்கும் பீடத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினார்கள். ஒரு மூட்டை என்று முடிவானது. பியேர் மறுபடியும் ஐந்து விரலையும் பிடித்தார். பெரியப்பா கையை உதறினார். “தெரியாமப் பிடிச்ச வெலைய நான் வாங்க மாட்டேன்னு சொல்லு தாயி.” நான்கைப் பிடித்தார், அதற்கும் உதறல். விலையைக் குறைக்கச் சொல்லித் தரகரும், ஏற்றச் சொல்லி வாங்குபவரும் சண்டை போட்டதை அந்தச் சர்ச் அதற்கு முன் பார்த்திருக்காது. மூன்றில் முடிந்தது. மூட்டை ராக்கம்மா அக்காவுடையது என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. கிளேர் கைதட்டினார்.

இரண்டு பையன்கள் பைக்கில் போய் அரண்மனையிலிருந்து மூட்டையைக் கொண்டுவந்தார்கள். அப்பா அதைத் தூக்கிக் கார் மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். கட்டி முடித்து, என் கையிலிருந்த சிவப்புக் கொடியை வாங்கி மூட்டையின் முனையில் செருகினார். மதுரைவரை ஜன்னலைத் திறந்து வைத்துத் தும்மிக்கொண்டே போனோம்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் இணையத்தில் எழுதியிருந்தார்கள். ‘அரண்மனை தெரியவில்லை. பேராலயம் சிறியது. வழிகாட்டி பாதி நேரம் அழுதார். எங்கள் பயணத்திலேயே சிறந்த நாள்.’ அதை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய் மாமாவுக்குப் போன் போட்டார். “டயர்க் கடைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க மச்சான், பாப்பாவுக்கு நேரம் இருக்காது” என்று சொல்வது கேட்டது. எனக்கு அடுப்படியில் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதிக்கத் தோன்றியது. குதித்தேன்.

அதன் பிறகு வருகிறவர்கள் அரண்மனையைப் பற்றிக் கேட்பதில்லை, துண்டு உண்டா என்றுதான் கேட்கிறார்கள். ராக்கம்மா அக்காவும் நாலைந்து பெண்களும் வத்தலைச் சின்னப் பொட்டலங்களாகப் போட்டு அரண்மனை வாசலில் வைத்திருப்பார்கள். சின்னச்சாமி மாமா சீசனிலும் ஒரு தூணை மட்டும் மூட்டை அடுக்காமல் ஒதுக்கி வைக்கிறார். விளம்பரத்தில் நானும் பன்மையை எடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பாலவனத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறார். பிடித்திருக்கிறதா என்று அத்தனை பேர் முன்னால் என்னிடம் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். மெல்ல என் பக்கத்தில் வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மாப்பிள்ளையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, துண்டுக்குள் கையை விட்டு நாலு விரலைப் பிடித்தேன்.

இப்போது எங்கள் மகள் பால்வாடிக்குப் போகிறாள். விசேஷ வீடுகளில் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அந்த அஞ்சாவது விரலுக்கு என்ன குறை கண்டாய் என்று என் வீட்டுக்காரர் கேட்காமல் இருப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே ஐந்தையும் பிடித்துவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடிய கதை எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.